ஆமை ஓடு சட்டை இல்லை

காங்கேயம் பக்கம் கால்நடை மருத்துவராக நான் பார்ப்பதெல்லாம் மாடு, எருமை, ஆடு. கன்று குறுக்கே கிடக்கிறது என்று போன் வந்தால் ராத்திரி 2 மணிக்கும் கிளம்பிவிடுவேன். ஆமை எப்போதாவதுதான் வரும். இந்த ஐப்பசி மழைக்குள் மட்டும் மூன்று வந்துவிட்டன. ஒன்றை நாய் கடித்திருந்தது. மற்ற இரண்டும் பிள்ளைகள் விளையாட்டில் அடிபட்டவை.

கடைசியாக வந்ததைச் சொல்கிறேன். தோட்டத்துச் சாளை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் உரச்சாக்கு. உள்ளே ஒரு நட்சத்திர ஆமை, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. முதுகு ஓட்டின் வலது பக்கம் விரலளவு நீளத்துக்குப் பிளந்திருந்தது. அதன் மேல் மஞ்சப்பொடியைக் குழைத்துப் பூசி, அதற்கும் மேலே உடனே ஒட்டும் பசையை ஊற்றியிருந்தார்கள். பசை பிடிக்காத ஓர் இடத்தில் மட்டும் ரத்தம் கலந்த நுரை ஒரு சின்னக் குமிழாக எழும்பியது, அடங்கியது, மறுபடி எழும்பியது. ஆமை அந்த விரிசல் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"எப்படிங்க அடிபட்டுச்சு?"

பெரியவர் பேரனைப் பார்த்தார். பையனுக்கு ஒன்பது வயது இருக்கும். அழுது ஓய்ந்த முகம். "நெல் காயப்போடற களத்துல ஒதச்சனுங்" என்றான். "ஏன் கண்ணு ஒதச்ச?" என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான்: "ஒரு மிதி மிதிச்சா ஓட்டுக்குள்ள போயிருமுங். அப்பறம் ஒதச்சா நேராப் போயிச் செவுத்துல முட்டித் திரும்பி வருமுங். கொஞ்ச நேரம் உட்டா மறுபடியும் காலு வெளிய வந்து நடக்குமுங். மாரியோல அப்படித்தானுங்."

அவன் பொய் சொல்லவில்லை. மாரியோ வீடியோ விளையாட்டில் நடப்பதை வரி தப்பாமல் சொன்னான். எனக்கும் அந்த ஆமையைத் தெரியும். டிவியில் கேசட் செருகி ஆடிய தலைமுறைதான் நானும். கூப்பா ட்ரூப்பா என்று அதற்குப் பெயர், ஜப்பானில் நோகோநோகோ என்பார்கள். 1985 இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸிலிருந்து இன்றுவரை அந்த வரிசையில் திரும்பத் திரும்ப வரும் எதிரி. பச்சை ஓட்டுக்காரன் விளிம்பு வந்தாலும் நிற்காமல் நடந்து பள்ளத்தில் விழுவான், சிவப்பு ஓட்டுக்காரன் விளிம்பில் திரும்பிவிடுவான். மூன்றாவது உலகத்தின் முதல் கட்டத்தில் படிக்கட்டு ஓரம் அந்த ஓட்டை வைத்து மிதித்துக்கொண்டே இருந்தால் ஆடுகிறவனுக்கு உயிர் ஏறிக்கொண்டே போகும். இது தெரியாத பிள்ளை எங்கள் தெருவில் அன்றைக்குக் கிடையாது.

அதற்கும் முன்னால், 1983 இல் வந்த மாரியோ பிரதர்ஸில் ஆமை மேல் குதித்தால் சாவது மாரியோதான். தளத்தைக் கீழிருந்து முட்டி ஆமையை மல்லாத்த வேண்டும், அப்புறம் போய் உதைக்க வேண்டும். தாமதித்தால் அது தானே புரண்டு எழுந்து வேகமாக வரும். 1988 இல் வந்த மூன்றாம் பாகத்தில் எலும்புக்கூடாகவே ஓர் ஆமை உண்டு. மிதித்தால் பொலபொலவென்று உதிரும், சில நொடியில் தன்னைத்தானே கோத்துக்கொண்டு எழுந்து நிற்கும். 1990 இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டில் மிதித்தால் ஆமை ஓட்டை விட்டே வெளியே தெறித்து விழும். வெறும் உடம்போடு எழுந்து நடந்து, காலி ஓடு கண்ணில் பட்டால் மறுபடி உள்ளே நுழைந்துகொள்ளும். மாரியோ கார்ட் என்ற கார் பந்தய விளையாட்டிலோ ஓடு வெறும் எறிபொருள். பச்சை நேராகப் போகும், சிவப்பு முன்னால் போகிறவனைத் துரத்திப் பிடிக்கும்.

விளையாட்டை நான் குறை சொல்லவில்லை. அது கற்பனை ஆமை, அந்த உலகத்துக்கு அந்த விதி. எனக்கு ஆத்திரம் வருவது, நிஜ ஆமையைப் பற்றிப் பெரியவர்களே இந்த விதியைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதில். அன்றைக்கு அந்தப் பெரியவரும் கேட்டார்: "ஏனுங் டாக்டர், ஓடு போனாப் போகுது, வேற ஓடு வளத்திக்குமில்லீங்க?" படித்தவர்களும் இதையே கேட்கிறார்கள். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி ஆமை ஓடு மாற்றும் என்று நினைப்பு. கொரங்காடு என்கிற எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலி ஓரம் காலி ஓடு கிடந்தால், "ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்குது" என்று குழந்தைக்கு எடுத்துக் காட்டுகிறார்கள்.

அய்யா, அம்மா, அது கழற்றிப் போட்ட சட்டை இல்லை. அது அந்த ஆமையின் எலும்புக்கூடு. அடுத்த முறை காலி ஓடு கிடைத்தால் கையில் எடுக்காமல் ஒரு குச்சியால் புரட்டிப் பாருங்கள். உள்கூரையின் நடுவில் முதுகெலும்பு கழுத்தடியிலிருந்து வாலடி வரை ஒட்டிக்கொண்டு ஓடுவது தெரியும். அதிலிருந்து இரண்டு பக்கமும் பிரிகிற விலா எலும்புகள்தான் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து பலகையாகி முதுகு ஓடாகின்றன. மேலும் கீழுமாக ஏறத்தாழ 50, 60 எலும்புகள் சேர்ந்தது அது. மேலே நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிகிற தகடு நம் நகம் மாதிரியான பொருள், அதற்கடியில் இருப்பது உயிருள்ள எலும்பு. ரத்தம் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. ஓட்டில் விரல் வைத்தால் ஆமைக்குத் தெரியும், உதைத்தால் வலிக்கும். ஆமையின் ஓட்டைக் கழற்றுவது நம் முதுகெலும்பையும் விலாவையும் கழற்றுவது மாதிரி.

இன்னொன்று. நுரையீரல் இருப்பது முதுகு ஓட்டுக்கு நேர் அடியில், அதோடு ஒட்டினாற்போல. அதனால்தான் மேலே விழுந்த விரிசலில் நுரை வந்தது. நமக்கு விலா விரிந்து சுருங்குவதுபோல ஆமைக்கு முடியாது, விலாவே ஓடாகிவிட்டதே. வயிற்றுத் தசையையும் தோள், இடுப்புப் பக்கத்துத் தசைகளையும் அசைத்துத்தான் காற்றை இழுக்கிறது. தலையை உள்ளே இழுக்கும்போது புஸ் என்று ஒரு சத்தம் கேட்கும். கோபம் என்று நினைக்கிறார்கள். உள்ளே இடம் பண்ண நுரையீரல் காற்றை வெளியே தள்ளுகிற சத்தம் அது.

அன்று எக்ஸ்ரே எடுத்து பையனுக்கு வெளிச்சத்தில் காட்டினேன். "உன் முதுகைத் தொட்டுப் பாரு கண்ணு, அந்த எலும்புதான் இது" என்றேன். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தடவிப் பார்த்தான். அப்புறம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பசையை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. தயவுசெய்து பசை ஊற்றாதீர்கள். அழுக்கும் கிருமியும் உள்ளே மூடப்பட்டு, வெளியே பளபளவென்று இருக்கும்போதே அடியில் சீழ் பிடிக்கும். மஞ்சள், தேங்காயெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மெடிக்கலில் கிடைக்கும் சலைனில் சுத்தமான துணியை நனைத்துக் காயத்தின் மேல் போட்டு மூடுங்கள். ஈ உட்கார விடாதீர்கள், ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு. அட்டைப்பெட்டியில் துளை போட்டு, கால் கீழே இருக்கிற மாதிரி வையுங்கள். மல்லாக்கப் போட்டால் குடல், ஈரல் எல்லாம் நுரையீரல் மேல் அழுந்தும். பால் ஊற்றாதீர்கள். வாய்க்காலில் பிடித்த நீர் ஆமையாக இருந்தாலும் ஓடு உடைந்திருந்தால் தண்ணீரில் விடாதீர்கள், விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அசையவில்லை என்று குழி தோண்டிவிடாதீர்கள். ஆமையின் இதயம் அவ்வளவு மெதுவாகத் துடிக்கும், அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கே கருவி வேண்டும். கொண்டுவாருங்கள்.

கிராமத்தில் ஊசி போடுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுகிற ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை ஆமைக்குப் போடவே கூடாது. அது ஆமைக்கு விஷம், உயிரே போகும். ஆன்டிபயாடிக் கணக்கும் வேறு. சில மருந்துகளை 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் போடுகிறோம். தெரியாவிட்டால் போடாமல் அனுப்பிவிடுங்கள்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பேச்சால் சாகிற ஆமைகள் தனி. வாசலில் வந்ததைக் குச்சியால் தள்ளி, தூக்கி வேலிக்கு வெளியே எறிகிறார்கள். எறிந்த அதே ஆட்கள் அதிர்ஷ்டம் என்று கண்ணாடித் தொட்டியில் சிவப்புக்காது ஆமை வாங்கி வைக்கிறார்கள். அது அமெரிக்க ஆமை, பெரிதானதும் குளத்தில் கொண்டுபோய் விடுவார்கள், நம்மூர் ஆமைக்கு இரையும் இடமும் போகும். வீட்டுக்குள் வந்த ஆமை வழி தவறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு கையாலும் பிடித்து, வந்த திசையில் புதர் ஓரம் விடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமை, 2022 இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. பிடித்து வளர்த்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2019 இல் உலக அளவிலும் இதன் வணிகத்தைத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பயத்தில் அடிபட்டதை வீட்டில் ஒளித்து வைக்காதீர்கள். காப்பாற்றக் கொண்டுவருகிறவரை யாரும் பிடித்துக் கட்டப்போவதில்லை. வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள், அல்லது கொண்டுவந்துவிடுங்கள், போனை நான் செய்கிறேன். நாலு நாள் ஒளித்து வைத்து, புழு வைத்த பிறகு கொண்டுவந்தால் நான் என்ன செய்ய?

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. பிள்ளை மாரியோ ஆடட்டும். பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து, அந்த ஆமை வேறு, நம் காட்டு ஆமை வேறு என்று சொல்லுங்கள். மழை நின்ற சாயங்காலம் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், ஆமை புல் கடிப்பதைத் தூரமாக நின்று காட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.

இந்த ஆமையை வனத்துறைக்குத் தெரிவித்துவிட்டு என்னிடமே வைத்திருக்கிறேன். விரிசலின் இரண்டு பக்கமும் கொக்கி பதித்துக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறது. எலும்பு ஒன்றுசேர மாதக்கணக்கில் ஆகும், சிலதுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். நுரை வருவது நாலாம் நாளே நின்றுவிட்டது. பையன் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாரு, அதாவது தாத்தா, போனிலிருந்து கூப்பிடுகிறான். "தலைய வெளிய நீட்டுச்சுங்களா?" என்று மட்டும் கேட்பான். நேற்று அருகம்புல் வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு கடி கடித்தது. அவனிடம் சொல்லிவிட்டேன்.