அழுத்த அழுத்த முதுகு இறுகத்தான் செய்யும்

"நேற்று வீட்டில் நன்றாக மசாஜ் செய்துவிட்டார்கள், இன்று குனியவே முடியவில்லை." முதுகில் கட்டைவிரல் தடங்கள் நீலம் பாரித்திருக்க, இப்படிச் சொல்லிக்கொண்டு பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் குறைந்தபாடில்லை. இந்த வாரமும் ஒருவர் வந்தார். வலித்தால்தான் பலன் என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள்.

பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பவரின் தசை இளகாது. தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். அந்த இறுக்கத்தையே 'முடிச்சு' என்று நினைத்து, அதன் மேலேயே மறுபடி ஊன்றுகிறார்கள். நீலம் பாரித்தால் கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்று ஆறுதல் வேறு! அது நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த நல்ல ரத்தம்தான். வலியை 10-க்கு எவ்வளவு என்று கேளுங்கள். 4-ஐத் தாண்டினால் கையைத் தளர்த்துங்கள். படுத்திருப்பவர் சாதாரணமாக மூச்சுவிட்டுப் பேச முடிகிற அளவுதான் சரியான அழுத்தம். முழங்கையால் ஊன்றுவது, பிள்ளையை முதுகில் ஏறி நடக்க விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்த வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிய அதுவே போதும்.

எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துக் காட்டும். எண்ணெய் அதைத் தாண்டியும் அமைதியாகவே இருக்கும். சிறு கிண்ணத்தில் 2 டீஸ்பூன் ஊற்றி, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் சில நிமிடம் வையுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்: இதமாக இருக்கவேண்டும், சுடக்கூடாது. எண்ணெயை முதுகில் ஊற்றாமல் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை, கணுக்காலுக்கடியில் சுருட்டிய துண்டு. தேய்க்காத பகுதியைப் போர்த்திவிடுங்கள். குளிர்ந்தால் தசை சுருங்கும். இடுப்பிலிருந்து தோள் வரை, முதுகெலும்பின் இரு பக்கமும் முழு உள்ளங்கையால் மெதுவாக நீவுங்கள். ஏறும்போது அழுத்தம், பக்கவாட்டில் இறங்கும்போது வெறும் தொடுதல். 5 நிமிடம் இதையே செய்யலாம், அலுப்பாக இருந்தாலும். தசை இளகிய பிறகுதான் தோள்பட்டைச் சதையைப் பிசைய வேண்டும். நடுவில் புடைத்து நிற்கும் எலும்பு வரிசை மேல் விரல் படவே கூடாது. இரண்டு விரல் தள்ளியே நீவுங்கள். கடைசி விலாவுக்குக் கீழே குத்துவதும் தட்டுவதும் கூடாது. உங்கள் கட்டைவிரலையும் பார்த்துக்கொள்ளுங்கள்: எங்கள் தொழிலில் அந்த மூட்டைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. கை பலத்தை நம்பாமல் உடலை லேசாக முன்சாய்த்து, அந்த எடையால் அழுத்துங்கள். மொத்தம் 20 நிமிடம் தாராளம்.

ஒத்தடம் என்றால் துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை, 15 நிமிடம். வலித் தைலம் பூசிய தோலின் மேல் ஒத்தடம் வைக்கவே வைக்காதீர்கள், கொப்புளம் வரும். சர்க்கரை நோயால் மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. "சுடவில்லையே" என்று அவர்கள் சொல்வதை நம்பி வெந்துபோன தோலைப் பார்ப்பது வேதனை.

காய்ச்சல், தோலில் புண், அக்கி, அண்மையில் விழுந்த அடி இருந்தால் மசாஜ் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் தயவுசெய்து அதைத் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.

முதுகுவலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் தவித்தாலோ, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே கிளம்புங்கள்.