பொத்தானுக்கும் திரைக்கும் நடுவில்

கடைகளில் காசு போட்டு ஆடிய ஆர்கேட் கேம் பெட்டியை வீட்டிலேயே செய்து, அதன் பின்கதவைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஒரு எல்.சி.டி. திரை, உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெரி பை கணினி, இரண்டு ஸ்பீக்கர், ஒரு பவர் சப்ளை, அப்புறம் கண்ட்ரோல் பேனலுக்கு அடியில் தொங்கும் ஒயர் கொத்து. ஆளுயரப் பெட்டிக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். பெட்டியை எந்தத் தச்சரும் செய்து தந்துவிடுவார். பொத்தானைத் தட்டியதும் திரையில் இருப்பவன் அந்தக் கணமே குதிக்க வேண்டும் என்பதுதான் சிக்கலே. அதைத் தீர்மானிப்பது அந்த ஒயர் கொத்தும் அதற்குப் பின்னால் நடப்பவையும்தான்.

எனவே மரவேலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 18 மி.மீ. ப்ளைவுட் போதும். எம்.டி.எஃப். பலகையில் பெயின்ட் வழவழவென்று பிடிக்கும், ஆனால் ஈரம் பட்டால் ஓரம் உப்பிவிடும், கனமும் அதிகம். நின்றபடி ஆடுவதென்றால் கண்ட்ரோல் பேனல் தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் வரட்டும். திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு நேராக இருக்கும். கீழேயும் மேலேயும் காற்றுத் துளைகள் கட்டாயம். ராஸ்பெரி பை 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சூட்டைத் தணிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆட்டம் தடுமாறும். 230 வோல்ட் வரும் இணைப்புகளைத் தனியே மூடி, எர்த் கொடுத்துவிடுங்கள். பழைய டி.வி. குழாயைத்தான் பொருத்துவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சமிருக்கும். பழகாதவர் கை வைக்கக் கூடாது.

பொத்தானுக்கு வருவோம். ஜப்பானிய வகைக்கு 30 மி.மீ. துளை, அமெரிக்க வகைக்குச் சுமார் 28 மி.மீ. அமெரிக்க வகையில் நீளமான மரை இருப்பதால் கனமான பலகையிலும் நட் போட்டு இறுக்கலாம். ஜப்பானிய வகையில் வெறுமனே அழுத்திப் பொருத்தும் ரகம் மெல்லிய தகட்டுக்கென்றே செய்தது, 18 மி.மீ. பலகையில் அதன் கொக்கிக்குப் பிடிமானமே கிடைக்காது. ஜாய்ஸ்டிக்கிலும் இதே தொல்லை உண்டு. முழுக் கனப் பலகைக்கு அடியில் திருகினால் மேலே கைப்பிடி குட்டையாகத்தான் எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் மட்டும் பலகையின் அடிப்பக்கத்தை மரவேலை ரூட்டர் கருவியால் குடைந்து 6 மி.மீ. அளவுக்கு மெலிதாக்கினால் சரியாகிவிடும்.

அமெரிக்க வகைப் பொத்தானின் அடியில் இருக்கும் மைக்ரோஸ்விட்சைக் கழற்றி, மெல்ல மெல்ல அழுத்திப் பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு புள்ளியைத் தாண்டியதும் ‘டிக்’. உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு விறைப்பாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அழுத்த அழுத்த அதில் விசை சேர்ந்துகொண்டே போகிறது. எல்லையைத் தாண்டிய நொடியில் தகடு சட்டென்று மறுபக்கம் பாய்ந்து தொடுமுனையில் மோதுகிறது. திருவிழாக் கடையில் விற்கும் தகரத் தவளை ‘டிக் டிக்’ என்பதும் இதே வித்தைதான். விரல் எவ்வளவு சோம்பலாக இறங்கினாலும் தொடுமுனைகள் ஒரே வேகத்தில் சேர்ந்துவிடும். விடும்போது ‘டிக்’ கேட்கும் இடம் சற்று மேலே தள்ளி இருக்கும், அதுவும் வேண்டுமென்றே செய்ததுதான். இரண்டும் ஒரே இடமாக இருந்தால் விரல் லேசாக நடுங்கினாலே அழுத்தல், விடுதல், அழுத்தல் என்று ஸ்விட்ச் உளற ஆரம்பித்துவிடும்.

ஜாய்ஸ்டிக்கில் இப்படி நான்கு ஸ்விட்சுகள், திசைக்கு ஒன்று. மூலைவாட்டில் தள்ளினால் பக்கத்திலுள்ள இரண்டும் சேர்ந்து அழுந்தும்; எட்டுத் திசை வருவது அப்படித்தான். சண்டை ஆட்டங்களுக்கு இது வேண்டும். 1980இல் நாம்கோ வெளியிட்ட பேக்-மேனுக்கு இதுவே வினை. அந்த ஆட்டம் நான்கு திசைகளை மட்டுமே அறியும். கைப்பிடி மூலைக்குச் சரிந்து இரண்டு ஸ்விட்சும் சேர்ந்து அழுந்தினால் திருப்பம் தவறும், பின்னால் வரும் பேய்க்கு லாபம். கைப்பிடியைச் சுற்றி அடியில் ஒரு சதுரத் துளைத் தகடு இருக்கும். பல ஜாய்ஸ்டிக்குகளில் அதை 45 டிகிரி திருப்பி வைத்தால் மூலைகள் அடைபட்டு நான்கு திசை மட்டும் மிஞ்சும்.

இனி மின்சாரம். ராஸ்பெரி பையின் உள்ளீட்டு முனை சும்மா இருக்கும்போது, சுமார் 50,000 ஓம் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டில் நிற்கும்படி அமைக்கலாம். பொத்தான் அந்த முனையைத் தரையோடு (கிரவுண்ட், அதாவது பூஜ்ய வோல்ட் முனை) சேர்க்கிறது. வோல்ட்டேஜ் பூஜ்யத்துக்கு விழுகிறது. கணினி அதை அழுத்தல் என்று எடுத்துக்கொள்கிறது. ஓடும் மின்னோட்டம் 70 மைக்ரோஆம்பியர்கூட இல்லை என்பதால் எந்த மெல்லிய ஒயரும் போதும். எல்லாப் பொத்தான்களின் மறுகாலையும் ஒரே தரை ஒயரில் வரிசையாகக் கோத்துவிடலாம். மைக்ரோஸ்விட்சின் மூன்று கால்களில் ஒன்று மட்டும் தலைகீழானது. ஒயரை அதில் மாட்டினால் தொடாதபோதெல்லாம் பொத்தான் அழுந்தியதாகவே கணினி நினைக்கும்.

ஒரு காலத்தில் இதற்குப் பழைய கீபோர்டைப் பிரித்து, அதன் சர்க்யூட்டில் ஒயர்களைப் பற்றவைத்தார்கள். காசில்லா வழி, ஆனால் ஆட்டத்துக்கு உதவாது. நூறு சாவிக்கு நூறு ஒயர் இழுக்க முடியாதென்று கீபோர்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வலை போட்டு, சந்திப்புக்கு ஒரு சாவி வைத்திருப்பார்கள். அந்த வலையில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைச் சாவிகள் ஒன்றாக அழுந்தினால் மின்சாரம் சுற்றிக்கொண்டு போய் நான்காவது மூலையும் அழுந்தியதுபோல் காட்டும். தட்டச்சு செய்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் ஆளுக்கு ஆறு பொத்தான். இருவரும் மூர்க்கமாகத் தட்டும்போது யாருமே குத்தாத குத்து விழும். இன்று கிடைக்கும், பொத்தான் தட்டல்களை யு.எஸ்.பி. வழியே கணினிக்குச் சொல்லும் என்கோடர் சர்க்யூட் பலகையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி முனை இருப்பதால் அந்தப் பேய்க் குத்து கிடையாது.

இன்னொரு பேய் ஸ்விட்சுக்குள்ளேயே இருக்கிறது. தகடு தொடுமுனையில் மோதியதும் உடனே அமைதியாகிவிடாது. ஓரிரு மில்லிநொடி துள்ளும். நமக்கு ஒரு தட்டல், சிப்புக்கு நான்கைந்து. ஐந்து மில்லிநொடி காத்திருந்து நிலை மாறாவிட்டால் ஏற்றுக்கொள் என்று எழுதினால் துள்ளல் போய்விடும், ஆனால் ஒவ்வொரு தட்டலும் ஐந்து மில்லிநொடி தாமதமாகும். முதல் தொடுகையை உடனே ஏற்றுக்கொண்டு, அடுத்த ஐந்து மில்லிநொடிக்கு வருவதை எல்லாம் கண்டுகொள்ளாமல் விடுவது கெட்டிக்காரத்தனம். நல்ல என்கோடர்கள் இதைத்தான் செய்கின்றன.

ஐந்து மில்லிநொடிக்கா இவ்வளவு பாடு? கூட்டிப் பார்த்தால் புரியும். கணினி யு.எஸ்.பி. கருவியை நொடிக்கு 125 முறை விசாரித்தால் 8 மில்லிநொடி வரை போகும். 1,000 முறை விசாரித்தால் ஒன்றுதான். ஆட்டம் பொத்தானைப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு ஃப்ரேமுக்கு (திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) ஒரு தடவை, அதாவது 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை. வரைந்த படம் திரைக்குப் போகுமுன் ஓரிரு ஃப்ரேம் வரிசையில் நிற்கலாம். பிறகு வருவது டி.வி.யின் தாமதம். படத்துக்கு மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று அது தின்னும் நேரம் சில சமயம் மற்ற எல்லாத் தாமதத்தையும் சேர்த்தாலும் மிஞ்சும். ‘கேம் மோட்’ போட்டால் அந்த மெருகெல்லாம் நிற்கும். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த பொத்தான் வாங்குவதற்கு முன் கம்ப்யூட்டர் மானிட்டர் வாங்குங்கள். பழைய ஆர்கேட் பெட்டியில் இந்தத் தொல்லையே இல்லை. சிக்னல் வர வர எலக்ட்ரான் கற்றை வரி வரியாக வரைந்துகொண்டே போனது, சேமித்து வைக்க நடுவில் யாரும் இல்லை.

தொலைந்த நேரத்தைத் திரும்பப் பிடிக்கவும் ஒரு தந்திரம் இருக்கிறது. 2018இல், பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளான ரெட்ரோஆர்ச்சில் அது வந்தது. எமுலேட்டர் ஆட்டத்தின் அப்போதைய நிலையைப் பதிந்துகொள்ளும். நீங்கள் அழுத்திய பொத்தானோடு ஒன்றிரண்டு ஃப்ரேமை மறைவாக ஓட்டி, கடைசியாக வந்த படத்தை மட்டும் காட்டும். பிறகு பதிந்த நிலைக்கே திரும்பிவிடும். பல ஆட்டங்கள் பொத்தானைப் பார்த்த பிறகும் ஓரிரு ஃப்ரேம் கழித்துத்தான் அசையும். அந்தக் காத்திருப்பு இதில் காணாமல் போகிறது. கணினிக்கு மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இரண்டு மூன்று மடங்கு வேலை.

எமுலேட்டர் என்பது பழைய சர்க்யூட்டின் சிப்புகளை மென்பொருளால் நடித்துக் காட்டுவது. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்ட மேம் இதில் புகழ்பெற்றது. அதை யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆட்டக் கோப்புகளுக்குப் பெரும்பாலும் காப்புரிமை உண்டு, அது வேறு சங்கதி. நடிப்பதில் வேகத்தைவிட நிதானம்தான் கடினம். டைட்டோவின் டோமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கிரகவாசிகள். அதிலிருந்த 8080 சிப்பின் வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். ஒரு ஃப்ரேமில் ஒருவரைத்தான் நகர்த்தி வரைய முடிந்தது. எனவே முழுக் கூட்டமும் ஒரு அடி வைக்க 55 ஃப்ரேம். சுடச் சுட ஆள் குறையும், சுற்று சீக்கிரம் முடியும், கூட்டம் வேகமெடுக்கும். கடைசி ஆள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பாய்வான். ஆட்டத்தின் பதற்றமே அந்தச் சிப்பின் இயலாமையில்தான் இருக்கிறது. அதைவிடப் பல நூறு மடங்கு வேகமான ராஸ்பெரி பை அந்த மந்தத்தை அப்படியே நடித்தாக வேண்டும்.

படத்தின் அளவிலும் கவனம் தேவை. தமிழ்நாட்டு வீடியோ கேம் கடைகளில் ‘முஸ்தபா’ என்றே எல்லோரும் சொன்ன கேப்காமின் 1993ஆம் ஆண்டு ஆட்டம் 384க்கு 224 புள்ளிகளில் ஓடுகிறது. 1080 வரித் திரையில் அதை நிரப்பினால் ஒரு புள்ளிக்கு 4.8 வரி வரும். முக்கால் சொச்சம் வரியை எப்படி வரைவது? சில புள்ளி தடிக்கும், சில மெலியும். நான்கு மடங்கோடு நிறுத்தினால் 896 வரி. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், ஆனால் உருவங்களின் உயரம் சீராக இருக்கும். அகலத்தை மட்டும் 4:3 விகிதத்துக்குக் குறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முஸ்தபா கொஞ்சம் குண்டாகிவிடுவார்.

காசு? ஆட்டத்தைப் பொறுத்தவரை அதுவும் ஒரு பொத்தான்தான். மின்னணுக் காசு ஏற்பான் ஒன்றில் மாதிரிக் காசை இரண்டு கம்பிச் சுருள்களுக்கு நடுவே செருகி வைப்பார்கள். போடும் காசு இன்னொரு சுருளைக் கடக்கும்போது இரண்டு சிக்னலும் ஒத்துப்போனால் உள்ளே விடும், கணினிக்கு ஒரு சின்னத் துடிப்பையும் அனுப்பும். வீட்டில் அந்தத் துடிப்புக்குப் பதில் 24 மி.மீ. பொத்தான் ஒன்று போதும். அதையும் ஸ்டார்ட் பொத்தானையும் பேனலின் மேல் ஓரத்தில் வைக்கலாம். ஆட்டத்தை விட்டு வெளியேறும் பொத்தானை மட்டும் பேனல் மேலே வைக்காதீர்கள். பெட்டியின் பக்கவாட்டிலோ அடியிலோ, பக்கத்தில் நிற்கும் தம்பியின் கை எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள்.