எந்தக் குட்டி வாங்கலாம், டாக்டரம்மா?

குட்டியை வாங்கி, பெயர் வைத்து, பெல்ட்டும் மாட்டிய பிறகுதான் பலர் முதல் தடுப்பூசிக்கு என்னிடம் வருகிறார்கள். "நல்ல ஜாதிதானே, டாக்டரம்மா?" என்று கேட்பார்கள். ஜாதி நல்லதுதான். ஆனால் அது எந்த ஊர்க் குளிருக்கு, என்ன வேலைக்கு உருவான நாய், மதுரை வெயிலில் அதன் உடம்பு என்ன பாடுபடும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாய் இல்லாத காலமே கிடையாது. ராஜபாளையம், ஸ்பிட்ஸ், ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், இப்போது ஒரு தெரு நாய். வளர்த்ததிலும் வைத்தியம் பார்த்ததிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பக் நாயைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கோடை பிறந்தால் என்னை அதிகம் பயமுறுத்தும் நாய் அதுதான். 2000-களின் தொடக்கத்தில் வந்த ஒரு செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு பக் வேண்டும் என்ற ஆசை இங்கே வீட்டுக்கு வீடு பரவியது. நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். பக் நாயின் மூஞ்சியைத் தலைமுறை தலைமுறையாகத் தட்டையாக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் சதை மட்டும் குறையவில்லை. மூக்குத் துவாரம் குறுகல், மேலண்ணம் நீளம். இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கும், வீங்க வீங்கக் காற்று போகாது, சூடு இன்னும் ஏறும்.

ஒரு சித்திரை மதியம் ஒரு தம்பதி ஆட்டோவில் ஓடிவந்தார்கள். "பக்கத்துத் தெரு வரைக்கும்தான் நடந்துச்சு, டாக்டரம்மா" என்றார் அந்த அம்மா. ஈரத்துண்டில் சுற்றித் தூக்கி வந்திருந்தார்கள். நாக்கில் நீலம் பாய்ந்திருந்தது, எச்சில் கொழகொழவென்று வடிந்தது. தெர்மாமீட்டர் 107 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு. நான் முதலில் எடுத்தது அந்தத் துண்டைத்தான். உடம்பைச் சுற்றிய துண்டு சீக்கிரமே சூடாகி, வெப்பத்தை உள்ளேயே அடைத்து வைத்துவிடும். வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். மேலே ஃபேன், மூக்கருகில் ஆக்சிஜன், காலில் டிரிப். 103-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்தினோம், அதற்குமேல் ஊற்றினால் சூடு இயல்புக்கும் கீழே போய்விடும். அது பிழைத்துக்கொண்டது. பிழைத்தாலும் அடுத்த இரண்டு மூன்று நாட்கள் சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் பக், ஷிட்சு, ஃபிரெஞ்ச் புல்டாக் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கோடையில் வாக்கிங் என்றால் விடிவதற்கு முன். மயங்கிச் சரிந்தால் முதலில் வீட்டுக் குழாயடியிலேயே உடம்பை நன்றாக நனைத்துவிட்டு, பிறகு கிளம்புங்கள். வழியெல்லாம் காற்றுப் படட்டும். இன்னொன்று, தூக்கத்தில் அது விடும் குறட்டையை வீடியோ எடுத்து ரசிக்காதீர்கள். காற்றுக்காக அது படும் கஷ்டம்தான் அந்தச் சத்தம். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தும் ஆபரேஷன் இருக்கிறது. சின்ன வயதிலேயே செய்தால் நல்ல பலன் கிடைக்கும்.

சைபீரியன் ஹஸ்கியை மதுரையில் வளர்க்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாளெல்லாம் ஏசி போட்டு வைக்கும் வசதி இருந்தாலும் அதே பதில்தான். பனியில் வண்டி இழுத்து மைல் கணக்கில் ஓடிய இனத்தை ஓர் அறைக்குள் வைத்தால் அது ஊளையிட்டு, கதவைப் பிறாண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தயவுசெய்து மொட்டையடிக்காதீர்கள். அந்த இரட்டை முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. சீவி, உதிரும் உள்முடியை எடுத்தாலே போதும்.

எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட் போல அறிவான நாயை நான் பார்த்ததில்லை. அப்பா பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே கேட்டருகில் போய் நிற்கும். இந்த இனத்தில் நான் முதலில் பார்ப்பது இடுப்பு மூட்டை. குட்டியாக இருக்கும்போதே மொசைக் தரையில் வழுக்க விடுவதும், மாடிப்படி ஏற்றி இறக்குவதும், சீக்கிரம் வளரட்டும் என்று கால்சியம் டானிக்கை அளவில்லாமல் ஊற்றுவதும் மூட்டைக் கெடுக்கும். அடுத்தது உண்ணி. உண்ணிக் காய்ச்சல் எந்த நாய்க்கும் வரும், ஷெப்பர்டுக்கு வந்தால் தீவிரமாகிவிடுகிறது. சாப்பிடாமல் சுருண்டு படுத்திருந்த நாய்க்குத் திடீரென்று மூக்கில் ரத்தம் வழிந்தால், அடிபட்டிருக்கும் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் தரைமட்டத்துக்குப் போயிருக்கக்கூடும். அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

லாப்ரடாருக்குப் பசி அடங்காது. அதில் ஒரு பகுதி பிறவியிலேயே வருவது; பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு பல லாப்ரடார்களிடம் குறைபட்டிருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் வீடுகளில் தாத்தா ஒரு பிஸ்கட், பாட்டி ஒரு இட்லி, பேரன் பாதி பரோட்டா என்று ஆளாளுக்குக் கொடுப்பார்கள். விலாவில் கையை வைத்து லேசாகத் தடவுங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். முதுகு நீண்ட டாஷ்ஹண்டுக்கும் எடைதான் எதிரி. கட்டிலிலிருந்து குதித்த மறுநாள் பின்னங்கால் இழுத்துக்கொண்டு வருகிற டாஷ்ஹண்டுகளுக்கு முதுகெலும்பின் வட்டு விலகியிருக்கும். எண்ணெய் தடவி நாட்களைக் கடத்தினால் கால் திரும்பாது.

நம் ஊர் இனங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தாத்தாவின் தோப்பில் இருந்தது வெள்ளை ராஜபாளையம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனத் தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அதன் பிறகு, குறிப்பாகக் கடந்த சில ஆண்டுகளாக, நாட்டு இனம் வளர்க்க வேண்டும் என்ற ஆர்வம் கூடியிருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதோடு ஒரு கவலையும் உண்டு. தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு வேண்டுமென்று பார்த்துப் பார்த்து இனம் சேர்த்ததால் ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு இருக்கிறது. குட்டி பார்க்கப் போகும்போது, அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். கூடப் பிறந்த குட்டிகள் திரும்பும்போது தானும் திரும்பும் குட்டிக்கும் காது கேட்காமல் இருக்கலாம், அதனால் தனியாகத் தூக்கி வைத்துப் பாருங்கள். செவிட்டுக் குட்டியையும் கைச்சைகையில் பழக்கி அருமையாக வளர்க்க முடியும். தெரிந்து வாங்குவது முக்கியம்.

சிப்பிப்பாறை, கன்னி என்ற நாட்டு இனங்களுக்கு முயல் விரட்டி ஓடிய உடம்பு. கொழுப்பே இருக்காது. "சோறு போடறீங்களா இல்லையா?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள் என்பதற்காகக் கொழுக்க வைக்காதீர்கள். இந்த ஒல்லி உடம்பில் மயக்க மருந்தும் வேறு மாதிரி வேலை செய்யும். மற்ற நாய்களுக்குப் பழக்கமான சில ஊசிகளைப் போட்டால் இவை தெளிய வெகு நேரமாகும். கருத்தடைக்குக் கொண்டுபோகும்போது "இது சிப்பிப்பாறை" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சங்கிலியில் இவற்றைக் கட்டியே போடுவதுதான் எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம். கோம்பை என்ற நாட்டு நாய்க்கும் இதே கதிதான். நாள் முழுக்கக் கட்டிக் கிடந்த நாய் ஒருநாள் கடித்தால், "ஜாதிக் குணம்" என்று பழியை அதன் மேல் போடுகிறார்கள்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகு எல்லோரும் இனத்தின் பெயரைப் பேசினார்கள். பெரிய தாடை கொண்ட நாயைப் பொது இடத்துக்குக் கொண்டுவந்தால் கையில் கயிறும் வாயில் மூடியும் இருந்தே ஆக வேண்டும். கயிற்றைப் பிடிப்பவரும் அதன் பலத்தைத் தாங்குகிற பெரியவராக இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது தெருவில் கிடந்த செவலைக் குட்டி. மூட்டும் மூச்சும் பிரச்சினையில்லை, இந்த வெயில் அதற்குப் பிறந்த வீடு. ஆனால் "நாட்டு நாய்க்கு எதுக்கு ஊசி?" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குட்டிகளுக்கு ரத்தப்பேதியை உண்டாக்கும் பார்வோ வைரஸ் ஜாதி பார்ப்பதில்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. அந்த ரேபிஸ் ஊசியை அதன்பின் டாக்டர் சொல்லும் கணக்கில் விடாமல் போட வேண்டும்.

காசு கொடுத்துத்தான் வாங்குவீர்கள் என்றால், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. 'இப்பவே எடுத்துட்டுப் போங்க' என்று முப்பது நாள் குட்டியை நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது நடக்கும் நடை, மூச்சு, ஆளைக் கண்டதும் என்ன செய்கிறது என்று நின்று பாருங்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் வம்சாவளியைத்தான் சொல்லும். இடுப்பு எலும்பு எப்படி இருக்கிறது என்று சொல்லாது. முடிந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் குட்டியைக் காட்டிவிடுங்கள்.