குறைந்துகொண்டே போகும் இடைவெளி

மண் தடங்களில் பந்தயம் ஓட்டும் மோட்டோகிராஸ் பைக்கில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் இருக்காது. ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எதுவும் கிடையாது. வைத்திருப்பவர்கள் எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஒரு சின்ன ‘ஹவர் மீட்டர்’ தனியாக வாங்கி மாட்டிக்கொள்வார்கள். வண்டியின் வயதையும் மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். சாதாரண பைக்குக்கு இருபது மணி நேரம் என்பது ஒரு மாத ஆபீஸ் பயணம். இங்கேயோ, பிஸ்டனை மாற்றலாமா என்று யோசிக்க வேண்டிய வயது.

1970களிலிருந்து மோட்டோகிராஸ் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களின் ராஜ்ஜியமாக இருந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சினின் ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் எரியும்; ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். அதை ஈடுகட்ட அமெரிக்கப் போட்டி விதிகள் அதற்குக் கூடுதல் சிசி அனுமதித்தன. 1997இல் லாஸ் வேகஸில் நடந்த சூப்பர்கிராஸ் (ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸ்) போட்டியில் அமெரிக்க வீரர் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் சோதனை வண்டியில் ஜெயித்தார். மறு வருடம் கடைக்கு வந்த ஒய்இசட்400எஃப்பில் தேசியப் பட்டத்தையும் வென்றார். பிறகு மற்ற கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன.

இந்த ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்களின் சூட்சுமம் அகலமான பிஸ்டன், குட்டையான ஓட்டம். ஹோண்டா சிஆர்எஃப்450ஆரில் சிலிண்டரின் விட்டம் 96 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 62.1 மி.மீ. மட்டுமே. அகலம் கூடினால், காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் வால்வுகளைப் பெரிதாக வைக்க இடம் கிடைக்கும். ஓட்டம் குறைந்தால் வேகமாகச் சுழலலாம். இன்றைய 250 சிசி வண்டிகள் நிமிடத்துக்கு 14,000 சுற்றை ஒட்டிப் போகும். அப்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. எஃகு வால்வு கனமானது. அந்த வேகத்தில் ஸ்பிரிங்கால் அதை அடக்க முடியாமல் போகலாம். அதனால் டைட்டானியத்துக்கு மாறினார்கள்.

வினை அங்கேதான் தொடங்குகிறது. டைட்டானியம் லேசானது, ஆனால் உரசலைத் தாங்காது. மேலே மிக மெல்லிய கடினப் பூச்சு ஒன்றுதான் அதற்குக் காவல். பாதையின் புழுதி கொஞ்சம் உள்ளே நுழைந்தாலும், காற்று வரும் பக்கத்து வால்வின் முகத்தை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வால்வின் தண்டுக்கும், அதை அழுத்தித் திறக்கும் கேமுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. தேய்ந்தால் அது கூடும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. வால்வு தன் இருக்கைக்குள் மேலேறி அமர, அதன் தண்டு கேமை நெருங்குகிறது. யமஹா ஒய்இசட்250எஃப்பின் பழைய மாடல்களில் அந்த இடைவெளி 0.10 முதல் 0.15 மி.மீ. வரைதான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன். அதுவும் போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது, சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் (கம்ப்ரஷன்) கசியும்.

முதல் அறிகுறி, குளிர்ந்த எஞ்சின் கிளம்ப அடம்பிடிப்பது. சூடேறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். காரணம், வால்வும் கேமும் உட்கார்ந்திருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் சூட்டில் விரிகிற அளவில் பாதிகூட டைட்டானியம் விரிவதில்லை. ஹெட் விரிந்து கேமைத் தூக்க, இடைவெளி கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. மெக்கானிக் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்து, வால்வுத் தண்டின்மேல் இருக்கும் ஷிம் என்ற சின்ன வில்லைக்குப் பதில் அதைவிட மெல்லியது ஒன்றை வைத்துச் சரிசெய்வார். ஒருமுறை செய்யலாம். கொஞ்ச நாளிலேயே மறுபடியும் இடைவெளி குறைந்தால் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். ஷிம் மாற்றிக்கொண்டே இருப்பது வீண் வேலை. வால்வின் தலை உடைந்து பிஸ்டன்மேல் விழுந்தால், ஹெட், சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் ஒரே நொடியில் காலி.

இத்தனை செலவையும் தடுக்கக்கூடிய பொருள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. ஏர் ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவிக் காயவைத்து, ஃபில்டர் எண்ணெயில் பிசைந்து, விளிம்பில் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப் பசை விட்டுப்போகும். விளிம்பு ஓரிடத்தில் சரியாக உட்காராவிட்டாலும், ஃபில்டர் இருந்தும் இல்லாத கதைதான். ஆயிலையும் சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இருப்பதே ஒரு லிட்டர் அளவு. பல மாடல்களில் கிளட்ச் தேய்ந்த தூளும் அதிலேதான் சுற்றும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார்கள். கை சுட்டால் ஸ்டார்ட் செய்யவே சொல்ல மாட்டார்கள். டீ குடித்துவிட்டு, அது ஆறும்வரை காத்திருப்பார்கள்.