ஆஞ்சியோவில் தெரியாத 'பிளாக்'

"ஆஞ்சியோ எடுத்து அடைப்பே இல்லைன்னு சொல்லிட்டாங்களே டாக்டர், இப்ப நீங்க பிளாக்குங்கறீங்க?"

இந்த மாதத்தில் என்னிடம் இப்படிக் கேட்ட மூன்றாவது மகன் இவர். அப்பாவுக்கு 68 வயது. குளியலறையில் இரண்டு முறை மயங்கி விழுந்து, புருவத்தில் நான்கு தையல். வெட்டி வெட்டி இழுத்ததாம். அதனால் வலிப்பு மாத்திரை ஓடுகிறது. நாடி பிடித்தேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 34. ஆறு மாதமாகத் தவறாமல் கொடுத்துவரும் பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு பற்றி மகன் பெருமையாகச் சொன்னார்.

ஹார்ட் பிளாக் வேறு, ரத்தக்குழாய் அடைப்பு வேறு. இரண்டையும் 'பிளாக்' என்றே சொல்லிப் பழகிய எங்கள் ஆட்களையும் திட்டத்தான் வேண்டும். குழாயில் கொழுப்பு படிவது ஒன்று. அதற்குத்தான் ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ். இது இதயத்துக்குள் ஓடும் கரன்ட் வழியில் தடங்கல். மூன்று குழாயும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருப்பவருக்கும் வரும். ஸ்டென்ட் வைத்தாலும் சரியாகாது, பூண்டு தின்றாலும் கரையாது. கரைய அங்கே எதுவுமே இல்லை!

தாமதம் எல்லாமே நோயும் அல்ல. மேலறையில் பிறக்கும் கரன்ட், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் ஏ.வி. முடிச்சில் சற்று நின்றுதான் கீழே இறங்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் மேலறை சுருங்கி, கீழறையை ரத்தத்தால் நிரப்புகிறது. இ.சி.ஜி.யில் இந்தப் பயணம் 0.12 முதல் 0.20 நொடி. 0.22 என்றால் மெஷினே 'முதல் நிலை பிளாக்' என்று அச்சடித்துவிடும். அதைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் வருகிறவர்கள் உண்டு. வேறு தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம்.

கரன்ட் கீழே இறங்கவே இல்லை என்றால்தான் ஆபத்து. கீழறை தன்பாட்டுக்கு 30, 40 என்று துடிக்கும். சில நொடி அதுவும் நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் விழுவார், சில சமயம் இழுக்கவும் செய்யும். கீழறைக்குள் கரன்ட் வழி வலது, இடது என்று கிளை பிரியும். இடது கிளையில் மட்டும் தாமதமானால் கதை வேறு: இதயத்தின் இரு பக்கமும் ஒன்றாகச் சுருங்காது, சிலருக்கு நாளடைவில் பம்பிங் குறையும். அவர்களுக்கு எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) அவசியம்.

விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், சோடா புகட்டாதீர்கள். படுக்கவைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். மயக்கத்தோடு 40-க்குக் கீழே என்றால் உடனே இ.சி.ஜி. உள்ள இடத்துக்குப் போங்கள். இ.சி.ஜி. நார்மல் என்றால் அதோடு விட்டுவிடாமல் ஹோல்டர் கேளுங்கள்; ஒரு நாள் முழுக்க உடம்பில் மாட்டியிருந்து இ.சி.ஜி. பதியும் கருவி அது. சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் காட்டுங்கள். கண் சொட்டு மருந்தையும்தான். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் இதயத் துடிப்பைக் குறைக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கரன்ட் கீழே இறங்காதவர்களுக்குப் பெரும்பாலும் பேஸ்மேக்கர்தான் தீர்வு; துடிப்பு குறையும்போது அதுவே கரன்ட் கொடுத்து இதயத்தைத் துடிக்கவைக்கும். பேஸ்மேக்கர் என்றதும் அம்மாக்கள் அழுகிறார்கள். அழாதீர்கள் அம்மா. மரத்துப்போக ஊசி போட்டு, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கிற சின்னப் பெட்டி, அவ்வளவுதான். 1958-இல் ஸ்வீடனில் முதன்முதலில் இதை உடலுக்குள் வைத்துக்கொண்ட ஆர்னே லார்சன், பல கருவிகள் மாற்றி 2001 வரை வாழ்ந்தார். செல்போனை மட்டும் அந்தப் பக்கச் சட்டைப் பையில் வைக்க வேண்டாம்.

இன்னொன்று, வீட்டில் யாரும் பேச விரும்பாதது. பேஸ்மேக்கர் உள்ளவர் காலமானால், தகனத்துக்கு முன் மருத்துவமனையில் சொல்லி அதை எடுத்துவிடுங்கள். சூட்டில் பேட்டரி வெடிக்கும்.