35 பீன்ஸும் ஒரு தண்ணி டேங்கும்: துருக்கிக்காரங்க மத்த நாட்டுக்காரங்கள எப்படி பாக்குறாங்க?

2025 மே மாசம் இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்தப்ப துருக்கி வெளிப்படையாவே பாகிஸ்தான் பக்கம் நின்னுச்சுல்ல, அதுலேர்ந்து பல பேர் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. கடைசியா ஒரு வாசகர் கேட்ட விதம் மனச உறுத்துச்சு: "2023 பூகம்பத்துல நம்ம ஆளுங்க அவ்ளோ தூரம் போய் இடிபாட்டுக்குள்ளேர்ந்து குழந்தைய உசுரோட தூக்குனாங்க, ராணுவ ஆஸ்பத்திரி போட்டு வைத்தியம் பாத்தாங்க, ரெண்டே வருசத்துல எல்லாத்தையும் மறந்துட்டாங்களே சார், அவங்க ரத்தமே அப்படித்தானா?"

ரத்தத்துல ஒண்ணுமில்லைங்க. இதுக்கு அருமையான அறிவியல் விளக்கம் இருக்கு, அத கண்டுபிடிச்சவரே துருக்கியில பொறந்தவர்தான். அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி, துருக்கிக்காரங்க வாயில மத்த ஜனங்க எப்படி இருக்காங்கன்னு கொஞ்சம் பாத்துடலாம்.

ஒரு விஷயம் சுத்தமா புரியலன்னா "பிரெஞ்சுக்காரனா நின்னுட்டேன்"ம்பாங்க. ஹோட்டல்ல அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்களே காசு குடுத்தா அது "ஜெர்மன் முறை". அரபிகளப் பத்தி "டமாஸ்கஸ் சக்கரையும் வேணாம், அரபி மூஞ்சியும் வேணாம்"னு ஒரு பழமொழியே இருக்கு. தன்னப் பத்தி ஒசத்தியா நினைச்சுக்கிற ஆள "பெரிய கிடைக்காத இந்தியத் துணின்னு நினைப்பு"ன்னு சொல்றாங்க, அந்தக் காலத்துல நம்ம நாட்டுத் துணிக்கு அங்க எவ்ளோ கிராக்கி இருந்திருந்தா இப்படி ஒரு பேச்சு வந்திருக்கும்! கிரீஸ் நாட்டுக்காரங்கள "யுனான்"னு கூப்பிடுறாங்க, இது அயோனியாங்கிற பழைய பேர்லேர்ந்து வந்தது, நம்ம சங்கப் பாட்டுல வர்ற யவனரும் இதே வேர்தான்.

புடிச்ச நாடுகளும் நிறைய உண்டு. அஜர்பைஜான்னா "ஒரே ஜனம், ரெண்டு நாடு". ஜப்பான்மேல தனி பாசம், 1890ல எர்துருல்ங்கிற ஒட்டமான் கப்பல் ஜப்பான் கரையோரம் புயல்ல உடைஞ்சு 500 பேருக்கு மேல செத்தப்ப உயிர் பொழைச்ச 69 பேர மீனவ கிராமத்து ஜனங்க காப்பாத்துனாங்க, அத மனசுல வச்சு 1985ல ஈரான்-இராக் போர் நடுவுல டெஹ்ரான்ல மாட்டிக்கிட்ட 215 ஜப்பான்காரங்கள துருக்கி விமானம் போய் ஏத்திட்டு வந்துச்சு. கொரியாவ "ரத்த சகோதரன்"ங்கிறாங்க, 1950ல அங்க போய் சண்டை போட்ட துருக்கி சிப்பாய்ங்கள்ல 462 பேர் இன்னும் பூசான் கல்லறையில இருக்காங்க.

இப்ப அமெரிக்காவ எடுத்துக்கங்க. 1946ல மிசூரிங்கிற அமெரிக்க போர்க்கப்பல் இஸ்தான்புல்லுக்கு வந்தப்ப தபால்தலை போட்டு கொண்டாடுன ஜனம் இவங்க. 1999-2000 வாக்குல ப்யூ ஆய்வு மையத்தோட கணக்குப்படி 52% பேருக்கு அமெரிக்கா மேல நல்ல அபிப்ராயம். 2007ல அது எவ்வளவு தெரியுமா, 9%! நடுவுல இராக் போர் வந்துச்சு, 2003 ஜூலைல சுலைமானியாவுல அமெரிக்கப் படை துருக்கி சிப்பாய்ங்களையே புடிச்சு தலையில முக்காடு மாட்டி இழுத்துட்டுப் போச்சு, துருக்கியில அதுக்குப் பேரே "சாக்குச் சம்பவம்". எட்டு வருசத்துல ஏழு கோடி பேரோட ரத்தம் மாறிடுமா? மாறாது. அப்ப மாறுனது எது?

இதத்தான் வாழ்நாள் பூரா கேட்டவர் முஸஃபர் ஷெரீஃப். இஸ்மிர் பக்கத்துல ஓடெமிஷ்ங்கிற ஊர்ல பொறந்தவர். 1919 மே மாசம் கிரேக்கப் படை இஸ்மிர்ல எறங்குனப்ப அவர் சின்னப் பையன். மனுசக் கூட்டங்க ஒண்ணுக்கொண்ணு என்ன பண்ணிக்கும்னு அப்ப நேர்ல பாத்தது தன்ன ரொம்ப பாதிச்சதுன்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். அந்தப் பையன் மனசுல கிரேக்கர்மேல வன்மம்தான் வளந்திருக்கணும், ஆனா அவர் மனசுல கேள்வி வளந்துச்சு. ஹார்வர்டு, கொலம்பியான்னு படிச்சுட்டு ஊருக்குத் திரும்பி, நாஜிகளுக்கு ஆதரவா அங்க கெளம்புன இனவெறிக்கு எதிரா எழுதுனார், 1944ல கைதானார், 1945ல அமெரிக்காவுக்கே போயிட்டார்.

1954 கோடை, ஓக்லஹோமா மாநிலத்துல ராபர்ஸ் கேவ்ங்கிற மலைக்காட்டுல ஷெரீஃப் ஒரு கேம்ப் நடத்துனார். 11 வயசு வாக்குல 22 பசங்க, ஒருத்தர ஒருத்தர் முன்னபின்ன தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி நடுத்தரக் குடும்பம், ஒரே நிறம், ஒரே மதம். ரெண்டா பிரிச்சு தனித்தனியா தங்க வச்சாங்க. ஒரு குழு "ஈகிள்ஸ்", இன்னொண்ணு "ராட்லர்ஸ்", பேரு பசங்களே வச்சுக்கிட்டது. அப்புறம் ரெண்டுக்கும் கயிறு இழுக்குற போட்டி, பேஸ்பால்னு வச்சு ஜெயிக்கிறவங்களுக்கு மட்டும் பரிசுன்னு சொன்னதும் கொடிய எரிக்கிறது, ராத்திரி அடுத்தவன் கேபின்ல புகுந்து சூறையாடுறதுன்னு போயிடுச்சு. இது பாடப்புத்தகத்துலயே வர்ற கதை, வேகமா தாண்டிடலாம்.

நான் நிக்க நினைக்கிறது பீன்ஸ்கிட்ட. புல்வெளியில பீன்ஸ் விதைய இறைச்சு விட்டுட்டு, ஒவ்வொரு பையன் கையிலயும் ஒரு பை குடுத்து ஒரு நிமிசத்துல எவ்ளோ பொறுக்க முடியுதோ பொறுக்குன்னு விட்டாங்க. பையோட வாய் சின்னது, உள்ள எத்தன விழுந்துச்சுன்னு எண்ண முடியாது. அப்புறம் எல்லாரையும் உக்கார வச்சு, "இது இன்னார் பொறுக்குனது"ன்னு சொல்லி திரையில சில நொடி மட்டும் காட்டி, எத்தன இருக்கும்னு எழுதச் சொன்னாங்க. ஆனா திரையில காட்டுனது யாரோட பீன்ஸும் இல்ல, ஒவ்வொரு தடவையும் அதே 35 பீன்ஸத்தான் மாத்தி மாத்தி பரப்பி வச்சு காட்டுனாங்க. நம்ம குழு பையன் பேரு சொன்னா அந்த 35 கூடுதலா தெரியுது, எதிர் குழு பையன் பேரு சொன்னா கொறச்சலா தெரியுது! யாரும் வேணும்னே பொய் சொல்லல, கண்ணுக்கே அப்படித்தான் பட்டுது. இத படிக்கிறப்பல்லாம் எனக்கு சிலிர்க்கும், ஏன்னா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இந்த "நம்ம ஆளு" "எதிராளு"ங்கிறதே கெடையாது.

இதுலேர்ந்து ஷெரீஃப் சொன்னது: அடுத்த கூட்டத்தப் பத்தின நம்ம அபிப்ராயம் அவங்க குணத்துலேர்ந்து வர்றதில்ல, நமக்கும் அவங்களுக்கும் நடுவுல இப்ப என்ன கொடுக்கல் வாங்கல் நடக்குதுங்கிறதுலேர்ந்து வருது, உறவு மாறுனா அதே 35 வேற எண்ணிக்கையா தெரியும். 52% எப்படி 9% ஆச்சுன்னு இப்ப புரியும். இதுகூட பழைய காயம் ஒண்ணு சேந்துக்குது. 1920 ஆகஸ்ட் 10ல கையெழுத்தான செவ்ர் ஒப்பந்தம் அனடோலியாவ வல்லரசுகளுக்கு நடுவுல கூறு போட்டுச்சு, அது நடைமுறைக்கே வரல, 1923ல லோசான் ஒப்பந்தம் அத தூக்கிப் போட்டுடுச்சு, ஆனாலும் "எல்லாரும் சேந்து நம்மள பிரிக்கப் பாக்குறாங்க"ங்கிற பயம் மட்டும் தங்கிடுச்சு, அதுக்கு "செவ்ர் நோய்க்குறி"ன்னே பேரு. "துருக்கியனுக்கு துருக்கியன தவிர நண்பன் இல்ல"ங்கிறது அங்க குழந்தைக்கும் தெரிஞ்ச வாக்கியம்.

சரி, கெட்ட பார்வைய திருப்ப முடியுமா? கேம்ப்ல முதல்ல ரெண்டு குழுவையும் ஒண்ணா உக்கார வச்சு சோறு போட்டு சினிமா காட்டுனாங்க, பசங்க சாப்பாட்ட தூக்கி ஒருத்தன்மேல ஒருத்தன் எறிஞ்சதுதான் மிச்சம். சும்மா கலந்து பழக விட்டா எல்லாம் சரியாயிடும்ங்கிற நம்பிக்கை அங்கயே அடி வாங்கிடுச்சு. அப்புறம்தான் தண்ணி நின்னு போச்சு. மலைமேல இருக்கிற டேங்க்கோட குழாய்ல சாக்கத் திணிச்சு அடைச்சு வச்சது ஷெரீஃப் ஆளுங்கதான், பசங்களுக்குத் தெரியாது. தாகத்தோட ரெண்டு குழுவும் மேல ஏறி கண்டுபிடிச்சு சேந்து சரி பண்ணுனாங்க. இன்னொரு நாள் சாப்பாடு வாங்கப் போற லாரி ஸ்டார்ட் ஆகல, எந்தக் கயித்த வச்சு எதிரெதிரா இழுத்தாங்களோ அதே கயித்த லாரியில கட்டி எல்லாரும் ஒரே பக்கம் நின்னு இழுத்தாங்க. ஒரு தடவையில மனசு மாறிடல, அடுத்தடுத்து இப்படி நடந்து நடந்துதான் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுது.

இந்த ஆய்வுல குறை இருக்கு, மறைக்கக் கூடாது. பசங்களுக்கே தெரியாம அவங்கள வச்சு ஆராய்ச்சி பண்றத இன்னைக்கு எந்தக் கமிட்டியும் ஒத்துக்காது. 1953ல நியூயார்க் பக்கம் இதே மாதிரி பண்ணப்ப பசங்க சண்டை போடவே மாட்டேன்னுட்டாங்க, பாதியில நிறுத்திட்டாங்க.

ஆனா இதே கதை நெசமாவே நடந்துச்சு, அதுவும் ஷெரீஃப் பொறந்த மண்ணுலயே. 1999 பிப்ரவரில, துருக்கி அரசுக்கு எதிரா ஆயுதமெடுத்த குர்து தலைவர் ஒஜலான் நைரோபியில கிரீஸ் தூதரகத்துல தங்கியிருந்து புடிபட்டதும் ரெண்டு நாடும் கடும் பகை. ஆகஸ்ட் 17 விடியக்காலை இஸ்மித் பூகம்பம், 17,000 பேருக்கு மேல சாவு. கிரீஸ்லேர்ந்து மீட்புக்குழு வந்து இறங்குது. மூணே வாரத்துல, செப்டம்பர் 7ல ஏதென்ஸ் குலுங்குது, 143 பேர் சாவு, இப்ப துருக்கியோட அகுத் தன்னார்வலர் படை அங்க ஓடுது. துருக்கி பத்திரிகை ஒண்ணு கிரேக்க மொழியிலயே நன்றின்னு தலைப்பு போட்டுச்சு. வெளியுறவு அமைச்சர்கள் இஸ்மாயில் ஜெமும் பாப்பாண்ட்ரேயுவும் பூகம்பத்துக்கு முன்னாடியே பேச ஆரம்பிச்சிருந்தாங்க, அதனால அந்தப் பாசத்த புடிச்சுக்க கையி ரெடியா இருந்துச்சு, டிசம்பர்ல ஹெல்சிங்கியில துருக்கிக்கு ஐரோப்பிய யூனியன் வேட்பாளர் அந்தஸ்து கிடைக்க கிரீஸ் குறுக்க நிக்கல.

இப்ப வாசகர் கேள்விக்கு வர்றேன். பாகிஸ்தான்மேல துருக்கிக்கு இருக்கிற பாசத்தோட வேர் கிலாபத் இயக்கம், அதாவது துருக்கி சுல்தானோட கலீஃபா பதவிய காப்பாத்தணும்னு இங்க நடந்த போராட்டம். 1919லேர்ந்து பிரிக்கப்படாத இந்தியாவோட முஸ்லிம்கள் துருக்கிக்காக வசூல் பண்ணி அனுப்புனாங்க, அதுல ஒரு பகுதி துருக்கியில 1924ல ஆரம்பிச்ச இஷ் வங்கிக்கு முதலாப் போச்சு. செவ்ர் கையெழுத்தான ரெண்டாவது நாள், 1920 ஆகஸ்ட் 12ல, காந்தி நம்ம மெட்ராஸ் பீச்சுல நின்னு இதுக்காகப் பேசியிருக்கார்! 1947க்கு அப்புறம் அந்த நன்றிக் கணக்கு மொத்தமும் பாகிஸ்தான் பேர்ல ஏறிடுச்சு. காரணம் கயிறுதான்: 1955ல பாக்தாத் ஒப்பந்தத்துல ரெண்டும் ஒண்ணா சேந்துச்சு, சைப்ரஸ் தீவுத் தகராறுல பாகிஸ்தான் துருக்கிக்கு, காஷ்மீர்ல துருக்கி பாகிஸ்தானுக்கு, எழுபது வருசமா ஒரே பக்கம் நின்னு இழுத்திருக்காங்க. நாம சைப்ரஸ்ல எதிர்ப்பக்கம் நின்னோம். 2023ல நம்ம ராணுவ அதிகாரிய ஒரு துருக்கி அம்மா கட்டிப்புடிச்சு கன்னத்துல முத்தம் குடுத்த போட்டோ பாத்திருப்பீங்க, அது பொய்யில்ல, நம்ம உதவிக்கு வச்ச "தோஸ்த்"ங்கிற பேரு அவங்க பாஷையிலயும் நம்ம தெருவுலயும் ஒரே வார்த்தைதான். ஆனா அது ஒரே ஒரு டேங்க், அதுக்கப்புறம் சேந்து இழுக்க லாரி எதுவும் வரல.

எனக்கு ஆதங்கம் என்னன்னா, ராக்கெட்டுக்கு காசு ஒதுக்குற மாதிரி இந்த மாதிரி சமூக உளவியல் ஆராய்ச்சிக்கும் நம்ம நாட்டுல ஒதுக்கணும். "அந்த ஜாதிக்காரன் இப்படித்தான், அந்த ஊர்க்காரன் புத்தி அப்படித்தான்"னு ஜாதகம் மாதிரி நம்புற நாட்டுல, அதே 35 பீன்ஸ நம்ம பசங்களுக்கு காட்டிப் பாத்தா என்ன வரும்னு தெரிஞ்சுக்க வேணாமா?

கேம்ப் முடிஞ்சு கெளம்புறப்ப பசங்க ஒரே பஸ்ல போலாம்னு அவங்களே கேட்டாங்க. வழியில ஒரு கடையில நிறுத்துனப்ப ராட்லர்ஸ்கிட்ட அஞ்சு டாலர் இருந்துச்சு, ஈகிள்ஸ தோக்கடிச்சு பீன்ஸ் போட்டியில ஜெயிச்ச காசு. அதுல ரெண்டு குழுவுல இருந்த எல்லாருக்கும் மால்ட் பால் வாங்கிக் குடுத்தாங்க.