ரப்பர் மெத்தென்று இருப்பதால் கதவை நம்பிவிடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வரும் பேருந்துகளும் வேன்களும் என் பட்டறைக்கு அடிக்கடி வரும். கதவு வேலைதான் அதிகம். சென்ற வாரம் வந்த பேருந்தில் கதவு எச்சரிக்கை மணியின் ஒயரைப் பிடுங்கி டேப் சுற்றியிருந்தார்கள். "மூடின பிறகும் கத்திக்கிட்டே இருக்குண்ணே, காது வலிக்குது" என்றார் டிரைவர். கீல் தொய்ந்து கதவு சற்று இறங்கியிருந்தது, சுவிட்ச் சரியாக அழுந்தவில்லை, அவ்வளவுதான். கீலை ஏற்றிக் கட்டினால் முடிகிற வேலை.

அதே பேருந்தில்தான் கொஞ்ச நாள் முன்பு, இறங்கிய ஒரு சிறுமியின் பை வார் கதவில் மாட்டிக்கொண்டது. வண்டி நகர, அவளும் கூடவே ஓடியிருக்கிறாள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் விடாமல் ஹாரன் அடித்ததால் வண்டி நின்றது. முழங்கால் தேய்ந்ததோடு போயிற்று. பக்கத்து ஊர்களிலிருந்தும் இதே கதையை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெற்றோர், டிரைவர், ஏன் சில முதலாளிகள்கூட என்னிடம் சொல்வது ஒன்றே: "ஓரத்துல ரப்பர் இருக்கே, அடிபடாது." அடிபடாதுதான். ஆனால் ஆபத்து அடியில் இல்லை, பிடியில் இருக்கிறது. இரண்டு கதவு இலைகளின் ரப்பர் ஓரங்களும் மழைத்தண்ணீரும் தூசியும் உள்ளே வராதபடி ஒன்றை ஒன்று அழுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. நடுவில் ஒரு பை வார் வந்தால் அதையும் அப்படியே அழுத்திப் பிடிக்கும். வெயிலில் பழுத்துப் பிசுபிசுத்த ரப்பர் இன்னும் மோசம். நேராக இழுத்தால் வார் வந்தாலும் வரலாம். வண்டி நகரும்போது இழுப்பு பக்கவாட்டில் விழும். வார் திருகிக்கொண்டு இறுகும். வாரின் நுனியில் கொக்கி இருந்து அது உள்பக்கம் மாட்டிவிட்டால், பெரியவர் இழுத்தாலும் வராது.

நம்பாதவர்கள் வண்டியை நிறுத்தி வைத்து ஒரு பழைய பையின் வாரைக் கொடுத்துக் கதவை மூடிப் பாருங்கள். அப்படியே டேஷ்போர்டையும் பாருங்கள்: கதவு திறந்திருப்பதைக் காட்டும் விளக்கு அணைந்திருக்கும். சுவிட்ச் பார்ப்பது கதவு இலை வந்து சேர்ந்ததா என்பதை மட்டும்தான். வாரின் கனத்தை ரப்பர் விழுங்கிவிடுவதால் அதற்கு எதுவும் தெரியாது. ஆக, விளக்கு அணைந்தது என்றால் கதவு மூடிவிட்டது என்றுதான் பொருள். பிள்ளை விலகிவிட்டது என்று பொருள் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி விளக்கைக் காட்டியே பேசுகிறார்கள்.

பேருந்துக் கட்டமைப்புக்கான ஐக்கிய நாடுகளின் 107ஆம் ஒழுங்குவிதி இதை யோசித்துத்தான் எழுதப்பட்டது. மூடும் கதவு 150 நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் 15 கிலோ எடை அழுத்துகிற அளவுக்கு மேல், யாரையாவது நெருக்கினால் தானே திரும்பத் திறக்க வேண்டும். சிக்கிய விரலையும் மணிக்கட்டையும் எளிதாக உருவிக்கொள்ள முடிய வேண்டும் என்கிறது. என்னிடம் வரும் பழைய பேருந்துகள் பெரும்பாலானவற்றில் அந்த ஏற்பாடே கிடையாது. போதாக்குறைக்கு, "கதவு மெதுவா மூடுது, வேகமாக்குங்க" என்று கேட்கிறார்கள். சிலிண்டருக்குக் காற்று போகும் வழியில் ஒரு திருகாணி இருக்கிறது. அதைத் திருகினால் கதவு படாரென்று மூடும். பள்ளிப் பேருந்துக்கு நான் அதைச் செய்து தருவதில்லை.

கதவை ஒட்டிய கைப்பிடிக் கம்பியையும் கவனியுங்கள். அமெரிக்காவில் உடையின் நாடா இந்தக் கம்பியில் சிக்கிப் பிள்ளைகள் இறந்த பிறகு ஒரு சோதனை கொண்டுவந்தார்கள். கயிற்றின் நுனியில் அரை அங்குல நட்டைக் கட்டி, கம்பிக்குப் பின்னால் விட்டு, பிள்ளை இறங்கும் திசையில் இழுப்பது. எங்கேயாவது சிக்கினால் கம்பியை மாற்றியாக வேண்டும். செலவில்லாத சோதனை, இன்றைக்கே செய்யலாம்.

டிரைவர்களுக்கு: மூடியதும் இடப்பக்கக் கண்ணாடியில் கதவின் கீழ்ப்பாதியைப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலை கதவுக் கண்ணாடிக்குக் கீழேதான் இருக்கும். இறங்கிய பிள்ளை வண்டியை விட்டு நாலு எட்டு தள்ளி நிற்பது தெரிந்த பிறகுதான் கியர். மழை நேரத்தில் குடையும் ரெயின்கோட்டும் பறக்கும், எல்லாருக்கும் அவசரம். அப்போதுதான் இன்னும் நிதானம் வேண்டும்.

பெற்றோர்களே, தொங்கும் வார்களைச் சுருக்கி முடிந்துவிடுங்கள். சாவிக்கொத்து, பொம்மை என்று பையில் எதையும் தொங்கவிடாதீர்கள். இறங்கும் முன் பையை முன்பக்கம் மாட்டச் சொல்லிக் கொடுங்கள்.

ஆபத்தில் கதவைத் திறக்க உதவும் அவசரக் குமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று அதைக் கம்பி போட்டுக் கட்டிவிடுகிறார்கள். வாகனப் பரிசோதனை நிறுவனமான புஷ்பாகோமில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை வரும்போது அவிழ்ப்பது, முடிந்து வந்ததும் கட்டுவது. அந்தக் குமிழ் சிலிண்டரில் உள்ள காற்றை வெளியேற்றும். அப்புறம் கதவைக் கையாலேயே தள்ளலாம். கட்டிவிட்டால் வண்டி கவிழும்போதோ தீப்பிடிக்கும்போதோ உள்ளே இருப்பவர்களுக்கு வழியில்லை. பின்பக்க அவசரக் கதவை மறித்து இருக்கை போடுவதும் அப்படித்தான். 1988இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கரோல்டன் என்ற ஊருக்கு அருகே, முன்பு பள்ளிப் பேருந்தாக ஓடிய ஒரு வண்டி மோதித் தீப்பற்றியது. முன்கதவுப் பக்கம் தீ. எல்லாரும் பின்கதவை நோக்கி முட்டிக்கொண்டதில் 27 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். மோதியதில் அவர்கள் சாகவில்லை, வெளியே வர முடியாமல்தான் இறந்தார்கள். அந்த நாட்டுப் பள்ளிப் பேருந்துகளில் அவசரக் கதவு பூட்டியிருந்தால் எஞ்சினே கிளம்பாது. பூட்ட வேண்டாம், கட்ட வேண்டாம், மறிக்க வேண்டாம். குமிழோடு விளையாடும் பிள்ளைக்கு அது எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள், போதும்.

வேன்களில் சிக்கல் வேறு. தோட்டத்துச் செம்மண் தூசி சறுக்குக் கதவு ஓடும் தடத்தில் அடைந்து, கதவு முழுதாகப் பூட்டாமல் பாதியிலேயே நிற்கும். வளைவில் தானே திறந்துகொள்ளும். தடத்தை அடிக்கடி துடையுங்கள். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்தபடி ஓட்டாதீர்கள், எவ்வளவு புழுக்கமானாலும். சைல்டு லாக்கைப் போட்டு வையுங்கள். அது போட்டிருந்தால் உள்ளிருந்து பிள்ளைகள் திறக்க முடியாது. டிரைவர்தான் இறங்கிச் சுற்றி வந்து திறக்க வேண்டும். அப்படி வரும்போது கதவுப் பக்கம் யார் நிற்கிறார்கள், பின்னால் என்ன வண்டி வருகிறது என்பதையெல்லாம் கண்ணாலேயே பார்த்துவிடுவார். நேரமில்லை என்பார்கள். ஒரு நிறுத்தத்துக்கு அரை நிமிடம் கூடும். பெற்றோர்களே, அந்த அரை நிமிடத்துக்காக "இன்னிக்கும் லேட்டா?" என்று வேன்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.